ரம்ப முதுகுக் கத்தி: கறுப்புப் பூச்சை உரிப்பதா, வாயை மட்டும் தீட்டுவதா?

பெட்டியிலிருந்து எடுத்த ரம்ப முதுகுக் கத்தி பார்க்க மிரட்டலாக இருக்கும். ஒரு பக்கம் வெட்டு வாய், முதுகில் வரிசையாகப் பல், மேலெல்லாம் கறுப்புப் பூச்சு. தோப்புக்குக் கொண்டுபோய் ஒரு பச்சை மட்டையில் போட்டதும் சாயம் வெளுத்துவிடும். வாய் வழுக்கும். பல்லோ அரை அங்குலம் இறங்குவதற்குள் கவ்விக்கொண்டு நிற்கும். பட்டறையில் அடித்த அருவாளை ஒரே போடு போட்டுப் பழகிய கைக்கு இது விளையாட்டுச் சாமானாகத்தான் தோன்றும்.

மலிவான கத்திகள் பலவற்றில் காரணம் ஒன்றுதான். வாயையும் பல்லையும் கடைந்த பிறகு மொத்தத்துக்கும் பூச்சு அடித்துவிடுகிறார்கள். வாயின் விளிம்பு உருண்டுவிடுகிறது, பல்லிடுக்கு அடைபட்டுவிடுகிறது. அதனால் வாங்கியவர்கள் முதலில் யோசிப்பது பூச்சு மொத்தத்தையும் உரித்துப் பளபளவென்று ஆக்கிவிடலாமா என்பதே. பெரும்பாலானவர்களுக்கு அது வேண்டாத வேலை. வாயின் இரு பக்கமும் அரை விரல் அகலத்துக்கும், பல் வரிசையிலும் மட்டும் பூச்சை எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதே நல்லது. விதிவிலக்குகள் உண்டு, அவை பூச்சு எந்த வகை, கத்தி எந்த ஊரில் உழைக்கப்போகிறது என்பதைப் பொறுத்தவை.

பூச்சு எது?

கறுப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. நான்கு வகைதான் அதிகம் கண்ணில் படும்.

சாதாரண பெயின்ட் அல்லது லேக்கர்: பஞ்சில் அசிட்டோனோ தின்னரோ நனைத்து ஒரு நிமிடம் அழுத்தித் தேய்த்தால் பஞ்சு கறுக்கும். பவுடர் கோட்டிங்: தொட்டால் சொரசொரப்பாக, தடிப்பாக இருக்கும், தின்னருக்கு அசையாது, ஆணியால் கீறினால் செதிலாகப் பெயரும். இதன் தடிப்பு பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான். இரு பக்கமும் சேர்த்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு கூடிவிடும். மரத்துக்குள் ரம்பம் கவ்வுவதற்கு அதுவே போதும். பிளாக் ஆக்சைடு: பூச்சே இல்லாதது போல இரும்பு நிறமாகவே கறுத்திருக்கும், தடிப்பு ஏறத்தாழ ஒரு மைக்ரான். வினிகரோ கெட்டியான புளித்தண்ணீரோ ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைத்தால் அந்த இடம் வெளுக்கும். கடைசியாக டைட்டானியம் பூச்சு: இது எதற்கும் மசியாது, உப்புத்தாளுக்கே ஈடு கொடுக்கும். தடிப்பு இரண்டு முதல் ஐந்து மைக்ரான்தான், எஃகைவிடக் கடினம்.

இந்தச் சோதனையிலேயே பாதி முடிவு வந்துவிடும். பிளாக் ஆக்சைடையும் டைட்டானியம் பூச்சையும் உரிக்க வேண்டிய அவசியமே இல்லை. வெட்டுக்குத் தடையாகிற தடிப்பு அவற்றில் கிடையாது. வாயைத் தீட்டும்போது அங்கே மட்டும் தானாகப் போய்விடும். பெயின்ட்டும் பவுடர் கோட்டிங்கும்தான் கேள்விக்குரியவை.

அதோடு இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: உள்ளே இருப்பது கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா? காந்தம் ஒட்டினால் சாதா இரும்பு என்று நம்பிவிடாதீர்கள். கத்திக்குப் பயன்படும் 420 வகை ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும். வாய் விளிம்பில் சிறிது பூச்சைச் சுரண்டி, எலுமிச்சைச் சாறு தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். சாம்பல் நிறம் ஏறினால் கார்பன் எஃகு. மாறாவிட்டால் ஸ்டெயின்லெஸ். பிறகு சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

எந்த ஊருக்கு எது

உவரி, கூடுதாழை, இடிந்தகரைப் பக்கம் உப்புக்காற்றில் கிடக்கப்போகிற கார்பன் எஃகுக் கத்தி என்றால், பூச்சை உரிப்பது துருவுக்குப் பாய் விரித்து வைப்பது போல. ஒரே ராத்திரியில் மஞ்சள் படரும். அங்கே பூச்சு இருக்கட்டும். கீறல் விழுந்த இடத்தில் எண்ணெய் தடவினால் போதும்.

களக்காடு, சேரன்மகாதேவி வாழைத் தோட்டங்களில் கதை வேறு. வாழைக்கறை கார்பன் எஃகைக் கறுக்க வைக்கும். ஆனால் அந்தக் கறுப்பு துருவைப் போல அரிக்காது. கறை பூச்சின் சொரசொரப்பில் ஒட்டிக் காய்ந்து பிசினாகிவிடுவதுதான் தொந்தரவு. வழவழப்பான வெற்று எஃகை ஈரத் துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடும். பவுடர் கோட்டிங் போட்ட கத்தி வாழைக்கென்றே என்றால் முழுக்க உரிப்பதில் நியாயம் உண்டு. ஸ்டெயின்லெஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு உரிக்கலாம்.

திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து உடைமரத்துக்கும் சீமைக்கருவேலத்துக்கும் கத்தி போகிறதா? காய்ந்த உடையில் ஒரு வாரம் வெட்டினால் பவுடர் கோட்டிங் தானே செதில் செதிலாகப் பெயர்ந்து, பெயர்ந்த ஓரத்துக்கு அடியில் ஈரம் தங்கித் துரு பிடிக்கும். பாதி பெயர்ந்த பூச்சைவிட முழுக்க உரித்து எண்ணெய் போட்ட கத்தி மேல். குற்றாலம், செங்கோட்டையில் ஆனி ஆடிச் சாரல் முழுக்க காற்றே ஈரம். அங்கே உரிக்க நினைத்தால் தை பிறக்கட்டும் என்று விடுங்கள்.

உரிக்கும் வழிகள்

பெயின்ட் ரிமூவர், உப்புத்தாள், கிரைண்டர். இந்த மூன்றுக்குள்தான் போட்டி. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காஸ்டிக் சோடா பெயின்ட்டைக் கழற்றும், பவுடர் கோட்டிங்கிடம் திணறும், பிடியில் அலுமினிய ஆணி இருந்தால் அதைத் தின்றுவிடும். நெருப்பில் காட்டிக் கருக்குவது கூடவே கூடாது: கத்தியின் பதம் போவது ஒருபக்கம், டெஃப்லான் கலந்த பூச்சாக இருந்தால் வரும் புகை விஷம். பவுடர் கோட்டிங் பட்டறைகளில் மணல் பீய்ச்சி எடுத்துத் தருவார்கள். பத்து நிமிட வேலைதான், ஆனால் பல் நுனிகளும் வாயும் மழுங்கிப்போகும். மேற்பரப்பு நுண்குழிகளாகி ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பதால் அன்றைக்கே எண்ணெய் போட வேண்டும்.

பெயின்ட் ரிமூவர்தான் பவுடர் கோட்டிங்குக்குச் சரியான ஆள். மெத்திலீன் குளோரைடு உள்ள டப்பாவாக இருந்தால் வேகமாக வேலை செய்யும். அதே அளவுக்கு ஆபத்தும் அதில்தான். அதன் ஆவியைச் சுவாசித்தால் உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அறைக்குள் வைத்துச் செய்யவே கூடாது. திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று செய்ய வேண்டும். மெல்லிய ரப்பர் கையுறையை ரிமூவர் ஊடுருவி நிமிடங்களில் தோலுக்கு வந்துவிடும். மெத்திலீன் குளோரைடைத் தாங்கும் என்று குறிப்பிட்டு விற்கும் கையுறை வேண்டும், கண்ணாடியும் வேண்டும். இது தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்து பூசுகிறவர்கள்தான் தலைசுற்றி விழுகிறார்கள்.

செய்முறை எளிது. பிடிக்கு முன்னால் ஓரங்குலம் விட்டுவிடுங்கள். ரப்பர் பிடியும் பிளாஸ்டிக் பிடியும் ரிமூவர் பட்டால் கூழாகிவிடும். டேப் சுற்றினாலும் அடியில் கசியும். மலிவான தூரிகையால் தடிப்பாக ஒரே திசையில் பூசி, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி இருபது முப்பது நிமிடம் விடுங்கள். போர்த்தாவிட்டால் நம்மூர் வெயிலுக்குப் பத்து நிமிடத்தில் காய்ந்துபோய் மறுபடி பூச வேண்டியிருக்கும். பூச்சு சுருங்கித் தூக்கிக்கொண்டதும் சிரட்டைத் துண்டால் வழித்தெடுங்கள். சிரட்டை எஃகைக் கீறாது, ரிமூவரில் கரையவும் செய்யாது. பல்லிடுக்குக்குப் பித்தளைக் கம்பித் தூரிகை. மிச்சமிருந்தால் இன்னொரு முறை. கடைசியில் சோப்புத் தண்ணீர், உடனே துடைப்பு, உடனே எண்ணெய். வழித்த கழிவை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள்.

உப்புத்தாள் பொறுமைசாலிகளுக்கு. கறுப்பு வாட்டர் பேப்பர் 120, 220, 400 என்று மூன்று வகை போதும். தட்டையான மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு, நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். பெயின்ட்டுக்கு இது சரி. பவுடர் கோட்டிங்கில் தாள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஒரு பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். பல் வரிசைக்கு அருகே விரல் நழுவினால் கிழியும். பல்லின் மேல் பழைய சைக்கிள் டியூபையோ, நீளமாகப் பிளந்த ஓஸ் துண்டையோ மாட்டிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். அந்த ஓஸ் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கடைசிவரை வேலை இருக்கிறது.

ஆங்கிள் கிரைண்டர் வேகமானது, அதனாலேயே அதிகக் கத்திகள் கெடுவதும் இதில்தான். நாலு அங்குல மெஷின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். கம்பித் தூரிகை பல்லில் மாட்டினால் கத்தி கையைவிட்டுப் பறக்கும். ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் இதழ்களை அடுக்கி ஒட்டிய வட்டு) என்றால் ஒரே இடத்தில் சில நொடி நின்றாலே சூடு ஏறிவிடும். எஃகின் மேல் வைக்கோல் நிறம் தோன்றினால் சூடு ஏறத்தாழ 225 டிகிரி, பழுப்பு என்றால் 250, ஊதா 280, நீலம் 300. மெல்லிய வாயில் நீலம் வந்துவிட்டால் அந்த இடத்தின் பதம் போயிற்று என்றே பெரும்பாலும் கொள்ளலாம். தீட்டத் தீட்ட மழுங்கும். நீலத்தைத் தேய்த்து அழித்தால் நிறம்தான் போகும், மென்மை போகாது. கிரைண்டர்தான் வேண்டும் என்றால் கம்பித் தூரிகையைத் தட்டைப் பரப்பில் மட்டும், விளிம்பைவிட்டு வெளியே ஓடும் திசையில் வைத்து, கை பொறுக்காத சூடு வந்ததும் நிறுத்துங்கள்.

யாரிடம் தீட்டுவது

கொல்லர் பட்டறை, தெருவில் வரும் சாணைக்காரர், சொந்தக் கை.

பட்டறைக்காரருக்கு அருவாளைக் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் போடுவது தண்ணீர் பட்ட பாடு. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அருவாளுக்கு அது சரியாக வரும். உலையில் சிவப்பு ஏறியதும் கண்ணாலேயே பதம் சொல்லிவிடுவார். ஸ்டெயின்லெஸ் கத்தியை அதே உலையில் போட்டால் வராது. 420 வகை எஃகு இறுக ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடும், அதில் சற்று நேரம் நிற்பதும் வேண்டும். செர்ரிச் சிவப்பில் எடுத்துத் தோய்த்தால் பச்சை இரும்பு போலக் கிடக்கும். கார்பன் எஃகாக இருந்தாலும் பிடியைக் கழற்ற வேண்டும், மெல்லிய பல் நுனிகள் உலையில் கருகும். ஆகையால் பட்டறையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: காய்ச்ச வேண்டாம், அரம் மட்டும் போட்டுத் தாருங்கள்.

பன்னருவாளுக்குக் கருக்கு வெட்டுவது போல இதன் பல்லையும் உளியால் வெட்டித் தரச் சொல்வதும் நடக்காது. கருக்கு வெட்டுவது எஃகு இளகி இருக்கும்போது. இறுகிய கத்தியில் உளி வைத்தால் பல் உடையும்.

சாணைக்காரர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அருவாளுக்கும் வீட்டுக் கத்திக்கும் பரவாயில்லை. காய்ந்த சாணைச் சக்கரத்தில் இதை வைத்தால் நுனிப்பக்கம் நீலமாகிவிடும். அங்கேதான் வாய் மெல்லிசு, கையும் சற்று நிற்கும். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒருமுறை தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பஸ்ஸில் ஏறி டவுனுக்குத் தீட்டக் கொண்டுபோகிறவர்கள் சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் தனி வகை. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் முதுகில் பல் வைத்த கறுப்புக் கத்தியை விவசாயக் கருவி என்று வழியில் நிறுத்துகிறவரிடம் விளக்குவது சுலபமல்ல. இதனாலும் வீட்டிலேயே தீட்டக் கற்றுக்கொள்வது லாபம்.

வீட்டில் தீட்ட மூன்று சாமான் போதும்: பத்து அங்குலத் தட்டை அரம் ஒன்று, ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் நயமும் உள்ள கார்போரண்டம் கல் ஒன்று, பழைய தோல் வார் ஒன்று.

முதலில் சாய்வைத் தீர்மானியுங்கள். வாழை, ஓலை, கொடி என்றால் பக்கத்துக்கு 20 டிகிரி. தென்னை மட்டை, பச்சைக் கிளை என்றால் 25. காய்ந்த உடைக்கு 28, 30. அதற்குக் குறைந்தால் வாய் மடங்கும். டிகிரி மானி தேவையில்லை. கத்தி 45 மில்லிமீட்டர் அகலம் என்றால், கல்லிலிருந்து முதுகு 15 மில்லிமீட்டர் எழும்பினால் 20 டிகிரி, 19 எழும்பினால் 25. அந்த உயரத்துக்கு ஒரு மரச்சில்லு செதுக்கி வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

கத்தியை மரக்கட்டைகளுக்கு நடுவே வைஸில் பிடியுங்கள், பல்லின் மேல் ஓஸ் இருக்கட்டும். வாயின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசுங்கள். அரத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத் தூள் அதன் பல்லில் அடைக்காது. அரம் தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் அரத்தின் பல்தான் மழுங்கும். இருபது முப்பது தள்ளலில் மை முழுக்க அழிந்து, மறுபக்கத்தில் நெடுகப் பிசிறு எழும்பும். கட்டைவிரலை வாய்க்குக் குறுக்கே, வெளிப்பக்கமாக மெல்ல இழுத்தால் பிசிறு தட்டுப்படும். அது எழும்பாத இடம் இன்னும் தீட்டப்படாத இடம். நெடுக எழும்பிய பிறகே மறுபக்கம் திருப்ப வேண்டும். இந்த ஒன்றில் அவசரப்படுகிறவர்களுக்குக் கூர் ஒருநாளும் வராது.

அரம் கடிக்காமல் கண்ணாடியில் தேய்ப்பது போல வழுக்கினால் இரண்டில் ஒன்று: பூச்சு இன்னும் இருக்கிறது, அல்லது எஃகு அரத்துக்கு ஈடான இறுக்கம். இரண்டாவது என்றால் கல்லிலேயே செய்ய வேண்டியதுதான், நேரம் நாலு மடங்கு.

அரத்துக்குப் பிறகு கல்லின் கரட்டுப் பக்கம் பக்கத்துக்குப் பத்து, நயப் பக்கம் பத்து, பிறகு மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக அழுத்தமில்லாமல். பிசிறு போவதற்குத் தோல் வாரில் வாய் பின்னால் இருக்கும்படி இழுக்க வேண்டும். வாருக்குப் பதிலாக நம் பனையேறிகள் செய்வது போல மரப்பலகையில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) பொடி தூவித் தீட்டலாம். வெங்கச்சங்கல் எஃகைவிடச் சற்றே கடினம் என்பதால் நன்றாகச் சலித்த பொடி மெல்லிய மெருகு கொடுக்கும். பாளை சீவும் அருவாளுக்கு அந்தக் கூர் உயிர். மட்டை வெட்டும் கத்திக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பல்லைத் தீட்டுவதா, விட்டுவிடுவதா

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பல்லும் மரம் அறுப்பதற்கென்று வைத்ததல்ல. முதுகில் பெரிய பள்ளங்களாக வெட்டிய ரம்பத்துக்கு ஒரு முன்மாதிரி அமெரிக்க விமானிகளின் உயிர்காப்புக் கத்தி. அதன் பல் விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டைக் கிழித்து வெளியேறுவதற்கானது. அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்த பல் மரத்தில் சுரண்டும், அறுக்காது. எவ்வளவு தீட்டினாலும் பலன் இராது. வாயை மட்டும் தீட்டிவிட்டுப் பல்லை மறந்துவிடுங்கள்.

முக்கோணமாக, ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிர்ச் சாய்வில் கடைந்த பல் என்றால் உழைப்பு வீணாகாது. மூணு பட்டை அரம், ஐந்து ஆறு அங்குலத்தில் மெல்லியது எடுங்கள். முதலில் தட்டை அரத்தைப் பல் நுனிகளின் மேல் நெடுக ஒருமுறை ஓட்டினால் ஒவ்வொரு நுனியிலும் ஒரு பளபளப்புப் புள்ளி தெரியும். பிறகு ஒவ்வொரு பல்லையும் ஏற்கெனவே உள்ள சாய்விலேயே, அந்தப் புள்ளி மறையும்வரை மட்டும் இரண்டு மூன்று தள்ளல். அதற்கு மேல் போனால் பல் உயரம் குறையும். ஒரு பல் தாழ்ந்தால் அடுத்ததுதான் எல்லாப் பாரத்தையும் சுமக்கும். பள்ளத்தின் அடியைக் கூராக்கிவிடாதீர்கள். அது உருண்டையாக இருக்கட்டும். ஓங்கி வெட்டும் கத்தியில் விரிசல் தொடங்குவது அந்தக் கூர்மூலையில்தான்.

மரமறுக்கும் ரம்பத்தில் செய்வது போலப் பல்லை இடமும் வலமுமாகச் சாய்க்க முயலாதீர்கள். மூன்று மில்லிமீட்டர் தடித்த, இறுகிய எஃகு வளையாது, ஒடியும். தகடு முதுகிலிருந்து வாய் நோக்கி மெலிந்துகொண்டே போகிற கத்தியில் சாய்ப்பு இல்லாமலே ஓரளவு இடைவெளி கிடைக்கும். கடைசிவரை ஒரே தடிப்பான தகட்டில்தான் கவ்வல் அதிகம். அங்கே பல்லை ஒட்டிய பட்டையில் பவுடர் கோட்டிங்கை உரித்துவிடுவது தீட்டுவதைவிடக் கூடுதல் பலன் தரும்.

தீட்டிய பல் மூங்கிலிலும் பிவிசி குழாயிலும் இரண்டு அங்குலத்துக்கு உட்பட்ட பச்சைக் கிளையிலும் நன்றாக ஓடும். பனையிலும் தென்னையிலும் நார் அடைத்துக்கொள்ளும். கிளை கவாத்துக்கென்றே வேண்டும் என்றால் மடக்கு ரம்பம் ஒன்று வாங்கிவிடுவது இந்த எல்லாப் பாட்டையும்விட எளிது.

வெற்று எஃகுக்குப் பிறகு

உரித்த கார்பன் எஃகுக்குக் கெட்டிக் கட்டன் சாயாவில் மூன்று நான்கு மணி நேர ஊறல் ஒரு நல்ல காவல். சாயாவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கருஞ்சாம்பல் படலம் பிடிக்கும். துருவை முழுக்கத் தடுக்காது, தாமதப்படுத்தும். ஊற வைக்கும் முன் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் போக்காவிட்டால் திட்டுத்திட்டாகத்தான் வரும். தினப்படிக்குத் தேங்காய் எண்ணெய் போதும். இலை, காய் வெட்டுகிற கத்திக்கு மெஷின் எண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். நாள்கணக்கில் சும்மா வைப்பதென்றால் விளக்கெண்ணெய், அது தடிப்பாக நிற்கும்.

கத்தியோடு வந்த நைலான் உறை இனி உதவாது. தீட்டிய பல் இரண்டே நாளில் அதன் தையலை அறுத்துவிடும். தோல் உறையிலும் விட்டுவைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பழைய ஓஸ் துண்டையே பல்லுக்கு மாட்டி, வாய்க்கு இன்னொன்றைப் பிளந்து மாட்டி, இரண்டையும் சேர்த்து டியூப் ரப்பரால் ஒரு கட்டுக் கட்டி ஓட்டுத் தாழ்வாரத்தில் செருகிவிடலாம்.